பழைய ஜீப்பின் எஞ்சினை இறக்கி மாற்றுதல்

தேய்ந்தோ இறுகியோ போன எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றி எடுத்து, அதையே புதுப்பித்தோ வேறொன்றைக் கொண்டுவந்தோ மீண்டும் பொருத்துவதைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் 'எஞ்சின் இறக்கி ஏற்றுதல்' என்பர். சங்கிலிக் கப்பியில் மாட்டி மேலே தூக்கித்தான் எடுக்கிறார்கள் என்றாலும், வண்டியை விட்டு இறங்குவதால் அதற்கு இறக்குதல் என்றே பெயர். காவிரி டெல்டா மாவட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வில்லிஸ், மஹிந்திரா ஜீப்புகளில் ஒரு முறையாவது எஞ்சின் இறங்காத வண்டி அரிது. நல்ல கப்பியும் மூன்று ஆட்களும் இருந்தால் ஒரே நாளில் எஞ்சினை வெளியே எடுத்துவிடலாம். மறுபடி எந்த எஞ்சினை வைப்பது என்பதுதான் கடினமான முடிவு. பழைய பெட்ரோல் எஞ்சினையே புதுப்பிப்பதா, டீசலுக்கு மாறுவதா என்பதைப் பொறுத்து வண்டியின் ஓட்டம், செலவு, சட்டப்படியான தகுதி எல்லாமே மாறுகின்றன.

டெல்டாவில் ஜீப்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. இரண்டும் ஒரே வரைபடத்தின்படி செய்யப்பட்டவை என்பதால் ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்குப் பொருந்தும். போர் முடிந்தபின் இந்தியாவில் மிஞ்சிய ராணுவ ஜீப்புகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. 1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கி 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் ஜீப்புகளைக் கோத்து விற்றது. பின்னர் உரிமம் பெற்றுத் தானே தயாரித்தது. அமெரிக்காவில் 1953இல் அறிமுகமாகி 1968இல் நின்றுபோன சி.ஜே.3பி என்ற உயரமான பானட் கொண்ட ஜீப், இந்தியாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பல பெயர்களில் வெளிவந்தது.

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களுக்கு ஜீப் வந்தது. கிராமத்தார் பார்வையில் ஜீப் என்றாலே பி.டி.ஓ. வண்டிதான் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. 1960-61இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் தொடங்கப்பட்ட தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' எனப்பட்ட அதில் விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை வயல்வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 முதல் மூடும் ஜனவரி 28 வரை நீளும் பாசன காலத்தில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஆற்றங்கரை கரையாகச் சுற்றிவரும் பாசனப் பொறியாளர்களுக்கும் இதுவே வாகனம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழைந்த கரைச் சாலைக் களிமண்ணில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் கார் நகராது. முன் சக்கரமும் இழுக்கும் ஜீப் நகரும்.

மூல எஞ்சின்

போர்க்கால வில்லிஸில் இருந்தது எல்-134 என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 134 என்பது கன அங்குலக் கொள்ளளவு, 2199 சி.சி. என்றும் சொல்லலாம். திறன் 60 குதிரைத்திறன். இதில் இரு வகை வால்வுகளும் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்தவை. சி.ஜே.3பி வண்டிக்கு வந்த எஃப்-134 'ஹரிகேன்' எஞ்சினும் அதே 2199 சி.சி.தான். ஆனால் இன்டேக் வால்வு ஹெட்டுக்கு ஏறிவிட்டது. எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் பிளாக்கில் தங்கியது. திறன் 75 குதிரைத்திறனாக உயர்ந்தது, எஞ்சினின் உயரமும் கூடியது. சி.ஜே.3பியின் பானட் அவ்வளவு உயர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். எனவே சி.ஜே.3பியில் எல்-134 எஞ்சினை வைத்தால் பானட்டுக்குள் இடம் மிஞ்சும். போர்க்கால வில்லிஸில் ஹரிகேனை வைத்தால் பானட் மூடாது. பழைய எஞ்சின் விலைக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 3⅛ அங்குலம், பிஸ்டனின் ஓட்டம் 4⅜ அங்குலம். விட்டத்தைவிட ஓட்டம் இவ்வளவு நீண்ட எஞ்சின், சுற்று குறைவாக இருக்கும்போதே நன்றாக இழுக்கும். ஹரிகேனின் உச்ச முறுக்கு விசையான 114 அடி-பவுண்டு, நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. டீசல் என்றால் இழுவை, பெட்ரோல் என்றால் வேகம் என்ற பரவலான நம்பிக்கை இந்த ஜீப்பைப் பொறுத்தவரை சரியில்லை.

கெடும் விதமும் சோதனையும்

டெல்டாவில் ஜீப் எஞ்சின் பெரும்பாலும் இரண்டு வழிகளில் கெடுகிறது. அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டரின் சன்னத் தகடுகளுக்கு இடையே அடைந்து காற்றோட்டத்தைத் தடுக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் நிறைய தண்ணீர் இருக்கும். உள்ளே எஞ்சின் கொதிக்கும். ஹெட் வளைவதும் வால்வு இருக்கை வெடிப்பதும் இதனால்தான். இரண்டாவது வெள்ளம். சாலையில் தேங்கிய நீரை வேகமாகக் கடக்கும்போது ஏர் கிளீனர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், காற்றைப் போல அதை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைகிறது. அதன் பிறகு எஞ்சினை இறக்குவதைத் தவிர வழியில்லை.

புகை வந்தால் உடனே இறக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தால், அழுத்தம் ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எல்-134 எஞ்சினில் ஹெட்டைத் திறந்து, எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே வால்வைத் தேய்த்து உட்காரவைக்கலாம். சேம்பரைக் கழற்றிக் கீழிருந்தே கனெக்டிங் ராடு பேரிங்கையும் மாற்றலாம். போர் தேய்ந்திருந்தாலோ, கிராங்க் அடி வாங்கியிருந்தாலோ, பிளாக் வெடித்திருந்தாலோதான் இறக்கம் தவிர்க்க முடியாதது. பல வருடம் கொட்டகையில் கிடந்து இறுகிய எஞ்சினையும் உடனே இறக்கிவிடக் கூடாது. பிளக் துளை வழியே டீசலை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, ஹாண்டில் போட்டு மெதுவாக அசைத்துப் பார்ப்பது வழக்கம். பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளும்.

இறக்குதல்

இந்த ஜீப்புகளின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகவே முதல் வேலை பேட்டரியைக் கழற்றி வெளியே வைப்பது, அடுத்தது பெட்ரோலை வடித்து அப்புறப்படுத்துவது. பின்னர் ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் ஆயில் இரண்டையும் வடித்துவிட்டு பானட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் கம்பி, முன் கிரில் ஆகியவற்றை எடுத்தால் எஞ்சினின் முன்பக்கம் திறந்துவிடும்.

அதன்பின் எஞ்சினோடு வண்டியைப் பிணைக்கும் ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும்: டைனமோ, செல்ஃப் மோட்டார், காயில் ஆகியவற்றின் வயர்கள், பெட்ரோல் பம்ப்புக்கு வரும் குழாய், ஆக்ஸிலேட்டர் கம்பி, சோக் கேபிள், ஆயில் அழுத்தமானிக் குழாய், வெப்பமானி, சைலன்சர் குழாய், கிளட்ச் இணைப்பு, எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. வெப்பமானியின் மெல்லிய செப்புக் குழாய் ஒரே மடிப்பில் செத்துவிடும். அதைச் சுருட்டித் தனியே கட்டிவைப்பது நல்லது. ஒவ்வொரு வயரிலும் துணித் துண்டைக் கட்டி எண் எழுதுவது சோம்பல் வேலை போலத் தோன்றும். முப்பது வருடத்தில் பல கைகள் பட்டு எல்லா வயரும் ஒரே கறுப்பாகிவிட்ட வண்டியில் இதைச் செய்யாதவர் பொருத்தும்போது இரண்டு நாள் இழக்கிறார்.

எஞ்சின் முன்பக்கம் இரண்டு ரப்பர் மவுண்டிங்கிலும், பின்பக்கம் கியர் பாக்ஸோடு சேர்ந்து அதற்குக் கீழுள்ள மவுண்டிங்கிலும் நிற்கிறது. பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன் கியர் பாக்ஸின் அடியில் ஜாக்கியோ கட்டையோ முட்டுக்கொடுக்க வேண்டும். எஞ்சின் விலகியதும் கியர் பாக்ஸ் முன்பக்கம் தொங்கும் என்பதே காரணம்.

பிறகுதான் கப்பி. நகரப் பட்டறைகளில் இரும்பு விட்டத்தில் செயின் பிளாக் நிரந்தரமாகத் தொங்கும். ஊர்ப்புறத்தில் மூன்று மரக்கால்களைக் கட்டிய முக்காலியிலோ புளியமரக் கிளையிலோ மாட்டுவதுண்டு. எஞ்சின் எடை 150 கிலோவுக்கு மேல். கழற்றும்போது ஏற்படும் உலுக்கலையும் சேர்த்தால் கிளை தாங்கும் என்பது வெறும் அனுமானமே. பச்சைக் கிளைகூட எச்சரிக்கையில்லாமல் முறியும். எதில் தொங்கினாலும் தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

எஞ்சினை நேரே மேலே தூக்கக் கூடாது. கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்து, கிராங்கின் பின்முனையிலுள்ள பித்தளை புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். அது முழுவதும் விடுபடும்வரை எஞ்சினை மட்டமாக முன்னோக்கி இழுக்க வேண்டும். அதன் பிறகே முன்பக்கத்தை உயர்த்தித் தூக்கலாம். பாதியில் எடையை ஷாஃப்டின் மேல் விட்டுவிட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணிக்கொள்ளும். அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் பொருத்தி முடித்து வண்டியை எடுக்கும்போது கிளட்ச் விடாமல் கியர் கரகரக்கும்போதுதான் தெரியவரும்.

வெளியே வந்த பிறகு

பிளாக்கைக் கழுவி லேத் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அங்கு சிலிண்டரின் தேய்மானத்தை அளந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்ற படிகளில் துளையைப் பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதையும் தாண்டித் தேய்ந்தால் ஸ்லீவ் இறக்க வேண்டும். கிராங்கும் இதே முறையில் கடையப்பட்டு, அதற்கேற்ற பேரிங் பொருத்தப்படுகிறது.

எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனை புஷ், பின் ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றுவது சிக்கனம். அவற்றின் விலை அதிகமில்லை. அவற்றுக்காக மறுபடி எஞ்சினை இறக்கும் கூலிதான் அதிகம். பழைய கிளட்ச் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

வேறொரு வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்திருந்தால் ஃப்ளைவீலின் பல்லை எண்ணுவது அவசியம். போர்க்கால 6 வோல்ட் வண்டியின் ரிங் கியரில் 97 பற்கள். பிற்கால 12 வோல்ட் வண்டியில் 129. ஒன்றின் செல்ஃப் மோட்டார் மற்றதோடு சேராது. சேர்த்து ஓட்டினால் பல் உடையும்.

டீசலுக்கு மாற்றுதல்

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை பலமடங்காக ஏற, தனியார் ஜீப் வைத்திருந்தவர்கள் டீசல் பக்கம் திரும்பினர். டெல்டாவில் அதற்கு வசதியும் இருந்தது. மஹிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் மூன்றும் சேர்ந்து 1963இல் தொடங்கிய நிறுவனம் பி-275 டிராக்டரைத் தயாரித்தது. அதிலிருந்த 144 கன அங்குல, நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் வழிவந்ததே மஹிந்திராவின் தொடக்ககால டீசல் ஜீப் எஞ்சினும். வயலில் சேறு உழுத எஞ்சினும் சாலையில் ஜீப்பை இழுத்த எஞ்சினும் ஒரே குடும்பம் என்பதால் உதிரிபாகமும் கைப்பழக்கமும் ஒரே பட்டறையில் கிடைத்தன. 1980களில் மஹிந்திரா ஜீப்புகளில் பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2112 சி.சி. டீசல் எஞ்சின் வந்தது. பழைய பெட்ரோல் ஜீப்புக்கு மாற்று தேடியவர்கள் இந்த இரண்டில் ஒன்றையே பெரும்பாலும் நாடினர்.

டீசலுக்கு ஆதரவான வாதங்கள் உண்மையானவை. எரிபொருள் குறைவாகச் செலவாகும். டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக்கும் இல்லாததால் மழையில் நனைந்து நிற்காது. வெள்ளக் காலத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் மாற்றுவது, பழையதை எடுத்துப் புதியதை வைப்பது போல எளிதாக முடிவதில்லை.

முதல் சிக்கல், டீசல் எஞ்சினின் பின்முகமும் பழைய பெல் ஹவுசிங்கும் பொருந்தாதது. இடையில் கனமான இரும்புத் தகடு கடைந்து வைக்கிறார்கள். தகட்டின் துளைகள் நேராகப் பட்டால் போதும் என்று விட்டுவிடுவதே டீசல் மாற்றங்கள் தோற்பதற்கு முதன்மைக் காரணம். கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜை ஃப்ளைவீலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தால், விலகல் அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்குக்குள் அடங்க வேண்டும். அதைவிட மிகுந்தால் சில மாதத்தில் முனை புஷ்ஷும் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் போய்விடும். அப்போது பழி கியர் பாக்ஸின் மேல் விழும்.

இரண்டாவது, ஃபோர் வீல் டிரைவ் என்பதால் வருவது. எஞ்சினுக்கு நேர் கீழே முன் ஆக்ஸில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னே போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எஞ்சினின் வலப்பக்கமாகச் செல்கிறது. ஸ்டியரிங் பெட்டியும் இந்திய வண்டியில் அதே பக்கம். ஆழமான டிராக்டர் சேம்பரை அப்படியே வைத்தால், பள்ளத்தில் ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது ஆக்ஸில் போய் சேம்பரை இடிக்கும். சேம்பரை வெட்டி ஒட்டுவது, எஞ்சினைச் சற்று உயர்த்துவது இரண்டும் நடக்கின்றன. உயர்த்தினால் ஷாஃப்டின் கோணம் மாறி யுனிவர்சல் ஜாயின்ட் தேயும். வழியில்லாமல் முன் ஷாஃப்டையே கழற்றி வீசிவிட்டு ஓட்டப்படும் ஜீப்புகளும் உண்டு. சேற்றில் போவதற்கென்றே செய்த வண்டியில் சேற்றில் போகும் உறுப்பை எடுத்துவிட்ட கதை அது.

மூன்றாவது, வேகம். சி.ஜே.3பியின் ஆக்ஸில் விகிதம் 5.38, கியர் பாக்ஸின் மூன்றாவது கியர் நேரடி. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நகர்கிறது. பெட்ரோல் எஞ்சின் 4000 சுற்று சுற்றும்போது வேகம் மணிக்கு 98 கி.மீ. டிராக்டருக்காக 2000 சுற்றில் கட்டுப்படுத்தப்பட்ட எஞ்சினை அப்படியே வைத்தால் அது 49 கி.மீ.யோடு நின்றுவிடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போவதற்குள் பின்னால் வரும் பேருந்துகளின் ஹாரன் ஓயாது. ஆக்ஸில் விகிதத்தை மாற்றினால்தான் இது தீரும். முன், பின் இரண்டு ஆக்ஸில்களிலும் ஒரே விகிதம் வைக்க வேண்டும் என்பதால் செலவும் இரட்டிப்பு. இரண்டிலும் வேறு வேறு விகிதம் இருக்க நான்கு சக்கரத்தையும் இணைத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

இவற்றோடு எடை கூடுவதால் முன் பட்டைகளைப் பலப்படுத்த வேண்டும். டீசல் வெடிப்பின் அதிர்வு மவுண்டிங்கைப் பற்றவைத்த இடங்களில் சேஸிஸை விரியவைக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பதும் தேவை.

ஏற்றுதல்

கிளட்ச் பிளேட்டை நடுப்படுத்தப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிக்கொண்டு பிரஷர் பிளேட்டை முறுக்குவது பட்டறை வழக்கம். எஞ்சினை இறக்கும்போது சொன்ன விதி ஏற்றும்போதும் உண்டு: ஷாஃப்ட் தானாக நுழைய வேண்டும். கடைசி அரை அங்குலம் மூடவில்லை என்று பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கி இழுத்தால் ஹவுசிங்கின் காது உடையும். டாப் கியரில் போட்டுப் பின் ஷாஃப்டைச் சற்றே திருப்பினால் பற்கள் சேர்ந்துகொள்ளும்.

எர்த் பட்டையை மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும்.

முதல் முறை ஓட்டும் முன், பெட்ரோல் எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தமானி அசையும்வரை ஹாண்டிலால் சுற்ற வேண்டும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டீசலில் ஃபில்டர், பம்ப், நாசில் என்ற வரிசையில் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி மிஞ்சினாலும் எஞ்சின் பிடிக்காது. ஓடத் தொடங்கி முதல் சூடேறி ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுகிறார்கள். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச் சாலையில் சோதிக்கக் கூடாது. முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே சுற்று வித்தியாசத்தை ஏற்கும் அமைப்பு இந்த ஜீப்பில் இல்லை. அறுவடையான வயலோ ஆற்று மணலோ அதற்கு ஏற்ற இடம்.

பதிவுச் சட்டம்

எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் அந்தப் பதிவும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எரிபொருள் மாற்றத்துக்கு விதிகளுக்கு உட்பட்ட விலக்கு உண்டு. அனுமதியின்றி மாற்றம் நடந்திருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. 1970களில் யாரும் கேட்காமல் நடந்த டீசல் மாற்றத்தை இன்று செய்ய விரும்புவோர், எஞ்சினை வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. ஏற்கனவே மாற்றிய ஜீப்பை வாங்குவோர் பிளாக்கிலுள்ள எண்ணையும் ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணையும் எரிபொருள் வகையையும் ஒப்பிட்ட பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது.

2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடில்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் மூல வடிவிலேயே இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே எடுக்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்யப்பட்டிருந்தால் தகுதி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவும் புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய ஒன்றிய அலுவலக ஜீப்புகள் ஏலத்தில் வந்து டெல்டாவின் தனியார் ஜீப்புகளுக்கு உதிரிபாகம் தந்த காலம் இதோடு முடிகிறது.

டீசல் ஏற்றியவர்களில் சிலர், கழற்றிய பெட்ரோல் பிளாக்கில் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக் களத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். சி.ஜே. வகைகளில் அதன் முன்பக்கம், வாட்டர் பம்ப் அருகே குத்தப்பட்ட எண் இன்னும் படிக்கும்படி இருந்தால், அந்த வண்டியை மூல நிலைக்குத் திருப்ப வாய்ப்பு உண்டு. பழைய இரும்புக்கு எடை போட்டவர்களுக்கு அது இல்லை.